மௌன நகைச்சுவைப் படங்களை ஊருக்குள் கொண்டுசேர்த்த வித்தைகளும் போட்டிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1914க்கும் 1920களின் இறுதிக்கும் இடையில் அமெரிக்காவின் சிறிய ஊர்களில் சாப்ளின், ஹெரால்டு லாயிட், பஸ்டர் கீட்டன் படங்கள் ஓடியபோது கூட்டம் சேர்ப்பதற்காகத் தியேட்டர்காரர்கள் செய்த வேலைகளைப் பற்றிய பக்கம் இது. அந்த நடிகர்களைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். அவர்களுடைய படங்களை ஊர் ஊராக வேர்பிடிக்க வைத்த தியேட்டர்காரர்களைப் பற்றிய பேச்சு குறைவு. அவர்களுக்கும் உரிய இடம் உண்டு என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

படத்தைத் தயாரித்த கம்பெனியே விளம்பரம் செய்யாதா? உள்ளூர்த் தியேட்டர்காரர் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

கம்பெனி செய்யும் விளம்பரம் நாடு முழுவதற்கும் பொதுவானது. "நம் ஊரில் வியாழன், வெள்ளி இரண்டு நாள் மட்டும்" என்று சொல்ல வேண்டியவர் உள்ளூர்க்காரர்தான். சிற்றூர்த் தியேட்டரில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை படம் மாறும். படம் நன்றாக இருக்கிறது என்று வாய்வழியாகப் பரவுவதற்குள் படப்பெட்டி அடுத்த ஊருக்கு ரயில் ஏறிவிடும். எனவே முதல் காட்சிக்கு முன்பே ஊர் முழுக்கப் பேச்சு கிளம்பியிருக்க வேண்டும்.

இதற்கு உதவியாகக் கம்பெனி ஒரு விளம்பரக் கையேட்டை அனுப்பிவைக்கும். பெரிய தாள்களில் அச்சிட்ட அந்தக் கையேட்டில், உள்ளூர்ப் பத்திரிகை அப்படியே எடுத்துப் போடுவதற்காகச் செய்தி நடையில் எழுதிய பத்திகள் இருக்கும். விளம்பர மாதிரிகளும் இருக்கும். அவற்றை அச்சிட உதவும் காகித வார்ப்புகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பத்திரிகை அச்சகம் வார்ப்பில் ஈயத்தை ஊற்றிப் படத்தை எடுத்துக்கொண்டு, தியேட்டர் பெயரையும் தேதியையும் தனியாகக் கோத்துக்கொள்ளும். போஸ்டர்களுக்கும் பட்டியல் உண்டு. 27க்கு 41 அங்குல ஒற்றைத் தாள் போஸ்டர், சுவர் முழுக்க ஒட்டும் 24 தாள் போஸ்டர், கடைக் கண்ணாடியில் வைக்கும் 14க்கு 22 அங்குல அட்டை, தியேட்டர் முன்கூடத்துக்கான 11க்கு 14 அங்குல அட்டைகள் எட்டு கொண்ட தொகுப்பு என்று அளவுகூட நிலையாகியிருந்தது.

அந்தக் கையேட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்தது, ஊரில் செய்து பார்க்க வேண்டிய வித்தைகளையும் நடத்த வேண்டிய போட்டிகளையும் விளக்கும் பகுதி. இதைத் தவிர, தியேட்டர்காரர்களுக்கென்றே வந்த தொழில் வார இதழ்களும் இருந்தன. 'மூவிங் பிக்சர் வேர்ல்டு' இதழில் எப்ஸ் வின்த்ராப் சார்ஜென்ட் என்பவர் தியேட்டர் விளம்பரத்துக்காகவே வாராவாரம் எழுதினார். 1915இல் அதே பொருளில் ஒரு கைநூலும் கொண்டுவந்தார். ஒரு மாநிலத்தில் ஒருவர் செய்தது எடுபட்டால் அதை எழுதி அனுப்புவார். அடுத்த மாதம் நான்கு மாநிலங்களில் அதையே செய்வார்கள். யாரும் யாரிடமும் உரிமை கோரியதில்லை.

நகைச்சுவைப் படங்களுக்கு இந்த வித்தைகள் ஏன் அவ்வளவு பொருந்தின?

அந்த நகைச்சுவை நடிகர்களை நிழலை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். உருண்டைத் தொப்பி, ஒட்டு மீசை, பிரம்பு, தொளதொளக் கால்சட்டை, பெரிய பூட்ஸ் என்றால் சாப்ளின். கொம்பு விளிம்புக் கண்ணாடியும் வைக்கோல் தொப்பியும் என்றால் லாயிட். தட்டைத் தொப்பியும் சிரிக்காத முகமும் என்றால் கீட்டன். இந்தப் பொருள்களில் பெரும்பாலானவை எந்த வீட்டிலும் கிடைத்தன. அப்பாவின் பழைய கோட்டும் அடுப்புக்கரியும் இருந்தால் ஒரு சிறுவன் சாப்ளின் ஆகிவிடுவான்.

இன்னொரு காரணம், வசனம் இல்லாதது. காதல் படத்தின் கதாநாயகனைப் போல நடித்துக் காட்டுவது கடினம். கால்களை விரித்து நடந்து, மூலையில் ஒற்றைக் காலில் வழுக்கித் திரும்புவதை எவரும் முயன்று பார்க்கலாம். ஆங்கிலம் சரியாகப் பேச வராத குடியேறிகள் நிறைந்த நகரங்களில் இது பெரிய விஷயம். மேடையேறுவதற்கு மொழி தடையாக இருக்கவில்லை.

சாப்ளினின் அந்த நாடோடி வேடம் மக்கள் முன் முதலில் வந்ததே ஓர் உள்ளூர்ப் போட்டியின் நடுவில்தான். கலிஃபோர்னியாவின் வெனிஸ் நகரில் சிறுவர்களுக்கான கார் பந்தயம் உண்மையிலேயே நடந்துகொண்டிருந்தது. அங்கே போய்ப் படமெடுத்தார்கள். 1914 பிப்ரவரியில் வெளியான அந்தச் சிறிய படத்தின் கதை, பந்தயத்தைப் படம்பிடிக்க வந்த கேமராவின் குறுக்கே ஒரு நாடோடி திரும்பத் திரும்ப வந்து நிற்பது, அவ்வளவுதான். பின்னால் தெரியும் கூட்டம் துணை நடிகர்கள் அல்லர், பந்தயம் பார்க்க வந்த ஊர்மக்கள். முதலில் எரிச்சலோடு பார்ப்பவர்கள் மெல்லச் சிரிக்கத் தொடங்குவதை இன்றும் அந்தப் படத்தில் காணலாம்.

சாப்ளின் வேடப் போட்டி எப்படி நடக்கும்?

1915 வாக்கில் அமெரிக்கா முழுவதும் இது தொற்றிக்கொண்டது. பொதுவாகச் சாப்ளின் படம் ஓடும் நாளின் மாலைக் காட்சிக்கு முன்போ, இரண்டு படங்களுக்கு நடுவிலோ நடத்துவார்கள். பெயர் கொடுத்தவர்கள் வேடத்தோடு வந்து சேர வேண்டும். பல இடங்களில் அவர்களைத் தியேட்டர் வரை கடைத்தெரு வழியாக ஊர்வலமாக அழைத்து வருவார்கள். இருபது சாப்ளின்கள் ஒரே நடை நடந்து வரும்போது அதைவிட நல்ல விளம்பரத் தட்டி வேறு என்ன வேண்டும்? ஊர்வலத்தின் வால் தியேட்டர் வாசலைத் தொடும்போது டிக்கெட் வரிசை நீண்டுவிட்டிருக்கும்.

மேடையில் ஒவ்வொருவருக்கும் கொஞ்ச நேரம் கிடைக்கும். பியானோக்காரர் ஒரே மெட்டை வாசித்துக்கொண்டிருப்பார். நடை, தொப்பியைத் தூக்கி வணங்குவது, பிரம்பைச் சுழற்றுவது, தோளைக் குலுக்குவது என்று தெரிந்ததைச் செய்ய வேண்டும். எல்லோரும் முடித்தபின் வரிசையாக நிற்கவைப்பார்கள். மேனேஜர் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் கையை நீட்டுவார். யாருக்குக் கைதட்டல் அதிகமோ அவர் வென்றார். தனி நடுவர் கிடையாது. புதிய கலைஞர்களுக்கான மேடை இரவுகளில் ஏற்கெனவே இருந்த வழக்கம்தான் இது.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. கைதட்டித் தேர்ந்தெடுப்பது என்று ஆகிவிட்டால், போட்டியாளர் ஒவ்வொருவரும் தனக்காகக் கைதட்ட ஆள் சேர்த்துக்கொண்டு வருவார். அம்மா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், பள்ளித் தோழர்கள் எல்லோரும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வர வேண்டும். பரிசாகக் கொடுக்கும் சில டாலர்கள் முதல் பத்து நிமிடத்திலேயே திரும்ப வந்துவிடும்.

வேடமிட்ட சிறுவர்களில் சிலர் பின்னால் பெரிய ஆள்களானார்கள். கிளீவ்லாந்தில் வளர்ந்த நகைச்சுவை நடிகர் பாப் ஹோப், தான் சிறுவயதில் சாப்ளின் வேடப் போட்டியில் வென்றதையும், பரிசுப் பணத்தில் அம்மாவுக்கு ஓர் அடுப்பு வாங்கியதையும் பெருமையோடு சொல்லிவந்தார்.

சாப்ளினே இப்படி ஒரு போட்டியில் ரகசியமாகக் கலந்துகொண்டு தோற்றுவிட்டாராமே?

உலகம் முழுக்கச் சொல்லப்படும் கதை. நடந்ததற்கு ஆதாரம் இல்லை. 1920இல் சிங்கப்பூரின் 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' உள்படப் பல நாளிதழ்களில் இது வந்தது. நடிகை மேரி பிக்ஃபோர்டு தன் மனைவியிடம் கூறியதாக இங்கிலாந்தின் டெஸ்பரோ பிரபு ஒரு விருந்தில் சொன்னார். அதன்படி, ஒரு சந்தையில் சாப்ளின் நடைப் போட்டி நடக்கிறது. மீசையும் பூட்ஸும் இல்லாமல் சாப்ளின் அதில் சேர்ந்து இருபதாவது இடத்துக்கு வருகிறார். வேறு பதிப்புகளில் இடம் மூன்றாவது என்றும், போட்டி சான் பிரான்சிஸ்கோ தியேட்டரில் என்றும் மாறுகிறது. யாரோ ஒருவர் இன்னொருவரிடம் சொன்னதாக மட்டுமே கிடைக்கும் கதையை நான் உண்மையென்று எடுத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் அந்தக் காலத்தில் இத்தகைய போட்டிகள் எவ்வளவு மலிந்திருந்தன என்பதற்கு இந்தக் கதையே சாட்சி.

இத்தனை போலிச் சாப்ளின்களைச் சாப்ளின் பொறுத்துக்கொண்டாரா?

ஊர்ப் போட்டிகள் அவருக்குத்தான் விளம்பரம். படமெடுத்துப் பிழைத்த போலிகள் வேறு வகை. பில்லி வெஸ்ட் போன்றவர்கள் அதே வேடத்தில் வரிசையாகப் படங்கள் எடுத்தார்கள். சார்லஸ் அமடோர் என்பவர் 'சார்லி ஆப்ளின்' என்ற பெயரை வைத்துக்கொண்டு நடித்தபோது சாப்ளின் வழக்குத் தொடர்ந்தார். 1925இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 1928இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. மக்களை ஏமாற்றும் வகையில் அந்த வேடத்தைப் பயன்படுத்தக்கூடாது என்பதே சாரம்.

லாயிட் படங்களுக்குக் கண்ணாடி கொடுத்தார்கள் என்று படித்தேன். உண்மையா?

ஆம். 1917 முதல் லாயிட் அணிந்த கொம்பு விளிம்புக் கண்ணாடி அவருடைய முத்திரை. அதில் கண்ணாடிச் சில்லே கிடையாது, வெறும் சட்டம்தான். முதலில் 75 சென்ட் கொடுத்து வாங்கியதை உடையும்வரை ஒட்டி ஒட்டிப் போட்டுக்கொண்டாராம். பின்னர் கண்ணாடிக் கம்பெனிக்குப் புதிய சட்டங்களுக்குக் காசோலை அனுப்பினால், 20 சட்டங்களோடு காசோலையும் திரும்பி வந்தது. எங்கள் வியாபாரத்துக்கு உங்களால் கிடைத்த விளம்பரத்துக்கு நாங்கள்தான் கடன்பட்டிருக்கிறோம் என்பது பதில். இதை லாயிட்டே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

தியேட்டர்காரர்கள் அட்டையிலும் மலிவான பொருள்களிலும் அந்தச் சட்டத்தைச் செய்து சிறுவர்களுக்குக் கொடுத்தார்கள். ஊர்க் கண்ணாடிக் கடைக்காரருடன் பேசி, அவர் கடைக் கண்ணாடியில் லாயிட் படத்தை வைப்பது எளிதாக நடந்தது. இரண்டு பக்கமும் லாபம், செலவு பாதிப் பாதி. இத்தகைய கூட்டு விளம்பரம்தான் சிற்றூர் மேனேஜரின் உயிர்நாடி.

வேடப் போட்டி தவிர வேறு என்னென்ன போட்டிகள்?

சிரிப்புப் போட்டி உண்டு. குழந்தைகள் படத்துக்கு வண்ணம் தீட்டும் போட்டி, படத்தின் தலைப்பை வைத்துக் கட்டுரை எழுதும் போட்டி என்று பலவும் இருந்தன. பத்திரிகையில் முழுப்பக்கம் எடுத்து, பத்துப் பன்னிரண்டு கடைகளின் விளம்பரங்களுக்குள் எழுத்துப் பிழைகளை ஒளித்துவைப்பார்கள். பிழையான எழுத்துகளைச் சேர்த்தால் படத்தின் பெயர் வரும். கண்டுபிடித்து எழுதி அனுப்பியவர்களுக்கு டிக்கெட். இதைக் கண்டுபிடித்தவரை மெச்ச வேண்டும். பத்திரிகைக்கு விளம்பரக் காசு, கடைக்காரர்களுக்கு ஒவ்வோர் எழுத்தாக உற்றுப் படிக்கும் வாசகர்கள், தியேட்டருக்குச் செலவில்லாமல் முழுப்பக்கம்.

எல்லாம் திறமைப் போட்டிகளாகவே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குச் சட்டக் காரணம் இருக்கிறது. பரிசு, அதிர்ஷ்டம், அதில் சேரக் கட்டணம் ஆகிய மூன்றும் கூடினால் அது லாட்டரி. லாட்டரி பற்றிய விளம்பரம் தாங்கிய பத்திரிகையைத் தபாலில் அனுப்ப 1890 முதல் அமெரிக்கச் சட்டம் தடை விதித்திருந்தது. சிற்றூர்ப் பத்திரிகைகள் தபாலை நம்பியே வாழ்ந்தவை. எனவே வெறும் குலுக்கலை விளம்பரம் செய்ய ஆசிரியர் தயங்குவார். நடை, சிரிப்பு, கட்டுரை, எழுத்துப்பிழை என்று ஏதாவது ஒரு திறமையைக் கேட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்தது. அந்தச் சட்டத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். சீட்டு எடுத்துப் பரிசு கொடுப்பதைவிட, ஒரு மனிதரை மேடையேற்றி ஏதாவது செய்யவைப்பது எவ்வளவோ மேல்.

குழந்தைகளை எப்படி ஈர்த்தார்கள்?

பத்திரிகை விற்கும் பையன்களை இலவசக் காட்சிக்கு அழைப்பார்கள். அவர்கள் படத்தின் பதாகையைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஊர்வலம் வருவார்கள். பையன்களை அனுப்பிய பத்திரிகை அடுத்த நாள் படத்தோடு செய்தி போடும். ஆதரவற்ற இல்லக் குழந்தைகளுக்கும் இப்படித் தனிக் காட்சி நடக்கும். உருளைக்கிழங்குக் காட்சி என்று ஒன்றும் இருந்தது. காசுக்குப் பதில் உருளைக்கிழங்கு கொண்டுவந்தால் அனுமதி. சேர்ந்த மூட்டைகள் ஏழைக் குடும்பங்களுக்குப் போகும். இதில் விளம்பர நோக்கம் இருந்தது என்பது உண்மைதான். அதற்காக அந்த உருளைக்கிழங்கின் அருமை குறைந்துவிடாது.

1921இல் சாப்ளினோடு நடித்து ஜாக்கி கூகன் புகழடைந்தபின், கிழிந்த தொப்பியும் பெரிய கால்சட்டையும் அணிந்த குழந்தை வேடப் போட்டிகளும் சேர்ந்துகொண்டன.

தெருவில் செய்த வித்தைகள் என்னென்ன?

மிக எளியது, சாப்ளின் உருவத்தை அட்டையில் ஆளுயரத்துக்கு வெட்டித் தியேட்டர் வாசலில் நிறுத்துவது. அதில் "இன்று நான் இங்கே இருக்கிறேன்" என்ற ஒரு வரிதான் எழுதியிருக்கும். படத்தின் பெயர்கூடத் தேவைப்படாது. ஒரு விளம்பரம் இதைவிடச் சுருங்க முடியுமா என்று பலமுறை வியந்திருக்கிறேன்.

இதற்கு அடுத்து, வேடமிட்ட ஒருவரைக் கடைத்தெருவில் நடக்கவிடுவார்கள். அவர் பேசக்கூடாது என்பது நிபந்தனை. பேசினால் மாயம் கலைந்துவிடும். முன்னும் பின்னும் தட்டி மாட்டியவர்கள், பதாகை கட்டிய வண்டிகள், நடைபாதையில் தியேட்டரை நோக்கிச் செல்லும் காலடித் தடங்களை அச்சுப்போல் வரைவது ஆகியவையும் வழக்கத்தில் இருந்தன. நடைபாதையில் வரைவதற்குப் பல நகராட்சிகள் பின்னர் தடை விதித்தன.

விபத்துகள் நடந்தனவா?

நடந்தன. அவற்றை மறைத்து இந்த வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

1919 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு புகைப்பட ஸ்டூடியோவில் லாயிட்டை விளம்பரப் படம் எடுத்தார்கள். உருண்டையான கறுப்பு வெடிகுண்டின் திரியில் சிகரெட்டைப் பற்றவைப்பது போன்ற வேடிக்கைக் காட்சி. பொம்மைக் குண்டு என்று நினைத்துக் கையில் எடுத்தது உண்மையிலேயே வெடிக்கக்கூடியதாக இருந்தது. வலது கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் போயின. கொஞ்ச காலம் பார்வையும் இல்லை. மீண்டு வந்தபின் திரையில் செயற்கை விரல்கள் வைத்த கையுறையோடுதான் நடித்தார். 1923இல் வெளியான 'சேஃப்டி லாஸ்ட்' படத்தில் பெரிய கடிகார முள்ளைப் பற்றிக்கொண்டு தொங்குவது அந்தக் கைதான்.

அந்தப் படமே ஒரு தெரு வித்தையிலிருந்து பிறந்தது. லாஸ் ஏஞ்சல்ஸின் பிராக்மன் கட்டடத்தில் பில் ஸ்ட்ராதர் என்பவர் வெறும் கையால் ஏறுவதை லாயிட் பார்த்தார். நெஞ்சு பதறி, பார்க்க முடியாமல் தெருமுனைக்குப் போய் நின்று எட்டியெட்டிப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பதற்றம்தான் கதையானது. ஸ்ட்ராதரையே படத்தில் நடிக்கவும் வைத்தார். அவர் பிற்காலத்தில் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் ஒரு பெரிய கடையில் கிறிஸ்துமஸ் தாத்தாவாக வேலை பார்த்துக் குழந்தைகளிடம் பெரும் புகழ் பெற்றார்.

இப்படிச் சுவரேறுபவர்கள் அப்போது 'மனித ஈ' என்று அழைக்கப்பட்டார்கள். கடைத் திறப்புக்கும் நிதி திரட்டவும் ஊர் ஊராகப் போய் ஏறுவது அவர்கள் தொழில். படம் வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 1923 மார்ச் 5 அன்று, நியூயார்க்கில் ஹாரி யங் என்ற மனித ஈ அந்தப் படத்தின் விளம்பரத்துக்காக மார்டினிக் ஹோட்டலின் வெளிச்சுவரில் ஏறினார். முதுகில் படத்தின் பெயர். கீழே ஆயிரக்கணக்கானோர், அவர்களில் அவர் மனைவியும் ஒருவர். பல மாடிகள் ஏறியபின் பிடி தவறி விழுந்து இறந்தார். அதன்பின் நியூயார்க் நகரம் கட்டடங்களின் வெளிச்சுவரில் ஏறிக் காட்டும் தெருக்காட்சிகளுக்குத் தடை விதித்தது.

'பாதுகாப்பு கடைசியில்' என்ற பொருள் தரும் பெயரை முதுகில் தாங்கியபடி ஒரு மனிதர் விழுந்ததை என்னால் ஒரு தகவலாக மட்டும் கடந்துபோக முடியவில்லை. லாயிட்டுக்குக் கீழே, கேமராவில் தெரியாத இடத்தில் மெத்தை போட்ட மேடை இருந்தது. ஆபத்தான ஏற்றங்களுக்கு மாற்று ஆட்கள் இருந்தார்கள். யங்குக்குக் கீழே நடைபாதை மட்டுமே இருந்தது. திரையில் வித்தையாகச் செய்ததைத் தெருவில் உண்மையாகச் செய்யச் சொன்னது அந்தத் தொழிலின் பெரும் பாவம்.

பொய்ச் செய்தி பரப்பி விளம்பரம் தேடியதும் உண்டா?

உண்டு. அதில் பேர்போனவர் ஹாரி ரைகன்பாக் என்ற சினிமா விளம்பரக்காரர். 1920இல் ஒரு டார்சான் படத்துக்காக அவர் செய்தது நகைச்சுவைப் படம் சார்ந்ததல்ல, ஆனாலும் சொல்ல வேண்டியது. நியூயார்க்கின் பெல்கிளேர் ஹோட்டலில் 'டி. ஆர். ஜான்' (சேர்த்துச் சொன்னால் டார்சான்) என்ற பெயரில் ஒருவர் அறை எடுத்தார். பியானோ என்று சொல்லி ஒரு பெரிய பெட்டியை மேலே ஏற்றினார். பிறகு பச்சை இறைச்சி வேண்டும் என்று கேட்டார். பெட்டிக்குள் சிங்கம்! போலீஸ் வந்தது, நிருபர்கள் வந்தார்கள், சில நாட்களில் படத்தின் பெயர் வெளியானது. பத்திரிகைகள் இலவசமாக எழுதித் தள்ளின.

சிற்றூர் மேனேஜர்கள் இதை அப்படியே பின்பற்றத் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் சரியானது. நியூயார்க்கில் ஏமாந்தவர் நாளை வேறு தியேட்டருக்குப் போவார். ஐயாயிரம் பேர் உள்ள ஊரில் ஏமாந்தவரை மறுநாள் காலையில் முடிதிருத்தும் கடையில் சந்திக்க வேண்டும். உள்ளூர் வித்தைகள் பெரும்பாலும் ஊரைச் சேர்த்துக்கொண்டு நடந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஊர்மக்களையே படமெடுத்துக் காட்டும் பழக்கம் இருந்ததாமே?

இருந்தது, மிகப் பழையது. இங்கிலாந்தின் பிளாக்பர்னைச் சேர்ந்த மிட்செல், கென்யான் இருவரும் 1900களின் தொடக்கத்திலேயே ஆலை வாசலில் கேமராவை வைத்து, வேலை முடிந்து வெளியே வரும் தொழிலாளர்களைப் படமெடுத்தார்கள். சந்தைத் திடலில் அதைத் திரையிடுவார்கள். உங்களை நீங்களே திரையில் பார்க்கலாம் என்பதுதான் அழைப்பு. கேமராவைப் பார்த்துக் குட்டிக்கரணம் அடிக்கும் சிறுவர்கள் அந்தச் சுருள்களில் நிறைய உண்டு. நீண்ட காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த அவை 1994இல் ஒரு கடையின் அடித்தளத்தில் கிடைத்தன.

பேசும்படம் வந்து நிலைத்தபிறகும் இந்த வேலை நிற்கவில்லை. வட கரோலினாவைச் சேர்ந்த ஹெச். லீ வாட்டர்ஸ் 1936 முதல் 1942 வரை நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் போய், மக்களை ஒலியில்லாமல் படமெடுத்து அவர்கள் ஊர்த் தியேட்டரிலேயே காட்டினார். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளையும் எடுத்தார். அந்தக் காலத்து ஹாலிவுட் காட்டாத அவர்களின் அன்றாட வாழ்க்கை அந்தச் சுருள்களில் இருக்கிறது.

இந்த வித்தைகளால் வசூல் உண்மையிலேயே கூடியதா?

கூடியது என்று சொல்லும் குறிப்புகள் தொழில் இதழ்களில் ஏராளம். ஆனால் அவற்றை எழுதியவர்கள் அந்த வித்தைகளைச் செய்தவர்களே என்பதை மறக்கக்கூடாது. 'எக்ஸிபிட்டர்ஸ் ஹெரால்டு' இதழில் தியேட்டர்காரர்கள் தங்கள் ஊரில் படம் எப்படிப் போனது என்று எழுதும் பகுதி இதைவிட நம்பகமானது. அங்கே மழை, சேறு, அறுவடை, பக்கத்து ஊர்த் திருவிழா எல்லாம் வசூலைக் கெடுத்த கதை வெளிப்படையாக வரும்.

வித்தையின் எல்லைக்குக் கீட்டனின் 'தி ஜெனரல்' நல்ல சான்று. 1927 பிப்ரவரியில் நியூயார்க்கின் கேபிட்டல் தியேட்டரில் அது வெளியானபோது, கதைக்கு அடிப்படையான உள்நாட்டுப் போர்க் கால ரயில் எஞ்சினின் மணியையே கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார்கள். அருமையான யோசனை. ஆனாலும் அப்போது படம் போட்ட பணத்தை எடுக்கத் திணறியது, விமர்சகர்களும் கைவிட்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அது உலகின் தலைசிறந்த படங்களின் வரிசைக்கு வந்தது. மணியைப் பார்க்க ஆட்கள் நின்றிருப்பார்கள். ஆனால் அதில் அவர்கள் செய்வதற்கு எதுவும் இல்லை. சாப்ளின் நடைப் போட்டிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடாக நான் காண்பது இதைத்தான்.

தமிழ்நாட்டில் மௌனப்படக் காலத்தில் எப்படி விளம்பரம் செய்தார்கள்?

1905இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கிய சாமிக்கண்ணு வின்சென்ட் போன்றவர்கள் கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனார்கள். போஸ்டர் கட்டிய மாட்டுவண்டி, முன்னால் பேண்டு வாத்தியம் அல்லது தப்பு, வண்டியிலிருந்து வீசும் நோட்டீஸ், பின்னால் ஓடும் பிள்ளைகள் என்பதே இங்கே வழக்கம். காட்சியின் போது திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்பவர் ஒருவர் இருப்பார். நல்ல குரலும் நகைச்சுவையும் உள்ளவர் என்றால் அவருக்காகவே கூட்டம் வரும்.

இன்றும் எங்காவது இப்படி நடக்கிறதா?

நடக்கிறது. சாப்ளின் கடைசிக் காலத்தில் வாழ்ந்த சுவிட்சர்லாந்து வீடு இப்போது அருங்காட்சியகம். 2017 ஏப்ரல் 16, அவருடைய பிறந்தநாளில், 662 பேர் அங்கே நாடோடி வேடத்தில் கூடி உலக சாதனை படைத்தார்கள். நம் நாட்டில் குஜராத்தின் ஆதிப்பூரில் ஆண்டுதோறும் அதே நாளில் பெரியவர்களும் குழந்தைகளும் சாப்ளின் வேடமிட்டு, கேக் வைத்து, ஒட்டக வண்டியோடு ஊர்வலம் போகிறார்கள்.

எங்கள் ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ ஒரு மௌன நகைச்சுவைப் படம் திரையிட விரும்புகிறோம். எதைச் செய்யலாம்?

முதலில் உரிமை. இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்குப்பின் 60 ஆண்டுகள். எனவே 1920களின் படங்களுக்கு அது முடிந்துவிட்டது. ஆனால் புதிதாகச் சேர்த்த இசைக்குத் தனி உரிமை இருக்கும். சாப்ளின் உருவத்தைக் கடை விளம்பரத்தில் பயன்படுத்தினால் அவர் குடும்பத்தாரின் நிறுவனம் உரிமை கோரலாம். இசையை நிறுத்திவிட்டு உள்ளூர்க் கலைஞர் ஒருவரை ஆர்மோனியமோ கீபோர்டோ வாசிக்கவைத்தால் ஒரு சிக்கல் குறையும், காட்சிக்கும் உயிர் வரும்.

பிறகு நடைப் போட்டி. முழு வேடம் கேட்காதீர்கள், வசதியில்லாத பிள்ளைகள் ஒதுங்கிவிடுவார்கள். ஐந்தாறு தொப்பிகளையும் குச்சிகளையும் நீங்களே வைத்திருந்து மேடையில் மாற்றி மாற்றிக் கொடுங்கள். வயதானவர்களுக்கு ஒரு தனிச் சுற்று வையுங்கள். கைதட்டலால் தேர்ந்தெடுப்பதைக் குழந்தைகளுக்கு மட்டும் தவிர்த்து, கலந்துகொண்ட எல்லோருக்கும் ஏதாவது கொடுங்கள். குறைந்த கைதட்டல் வாங்கிய பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. ஏறுவது, தாவுவது, தண்ணீர், நெருப்பு எதுவும் வேண்டாம். பரிசளிப்பைப் படத்துக்குப் பிறகு என்று தள்ளிப்போடாமல் படம் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அப்போதுதான் எல்லோரும் பரிசை மறந்துவிட்டுப் படத்தைப் பார்ப்பார்கள். முதல் படம் இருபது நிமிடத்துக்கு மேல் போகாத சிறிய படமாக இருக்கட்டும்.